ஜாக்கிக்கு வந்த ஸ்ட்ரோக்

ஜாக்கி தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தொப்பென்று விழுந்தது. கருவிழிகள் இரண்டும் நிலைகொள்ளாமல் இங்குமங்கும் ஓடின.

"இது ஸ்ட்ரோக் ஆக்கும்!" என்றாள் ரத்னபாய்.

அவள் கணவர் எலியா சிரித்தார். "ஏட்டி, நாய்க்கு எங்கயாவது ஸ்ட்ரோக் வருமா?" என்றவர், நாயைப் போலவே தலையைச் சாய்த்து வாயைக் கோணி நடந்தும் காட்டினார். கொல்லயில் ஊரில் போதகர் முதல் பஞ்சாயத்து மெம்பர் வரை அவர் நடித்துக் காட்டாத ஆளில்லை.

"ஏன் வராது? அதுக்கும் மண்டை உண்டு, மண்டைக்குள்ள மூளையும் உண்டு. உங்களப் போல இல்ல!"

பக்கத்து வீட்டு செல்லபாய் ஓடிவந்து நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அதற்குப் புரையேறியது. எலியா அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். அது சரிந்து, துணி ஊறவைத்திருந்த தொட்டிக்குள் விழுந்தது.

"வாயில நுரை! பேப்பட்டி ஆக்கும், பேப்பட்டி!" என்று செல்லபாய் அலறிக்கொண்டே ஓடினாள்.

"சோப்பு நுரை, பிள்ளே!" என்று ரத்னபாய் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வெறிநாய் என்ற சேதி அதற்குள் சந்திப்புவரை போய்விட்டது. கூப்பிட்ட ஆட்டோ ஒன்றும் வரவில்லை.

கடைசியில் அந்த வழியாக வந்த சஜனின் ஆட்டோவை அவளே நடுரோட்டில் மறித்தாள். போர்வையில் சுற்றிய ஜாக்கியை மடியில் வைத்து ஏறி உட்கார்ந்தாள். எலியாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"அக்கா, இது கடிக்குமா?"

"அது கடிக்காது. வண்டி எடுக்காட்டா நான் கடிப்பேன்!"

பாறசாலை மிருக ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எலியாவின் செருப்பு நழுவி ரோட்டில் விழுந்தது. அவர் கவனிக்கவேயில்லை. செருப்பு எங்கே என்று ரத்னபாய் கேட்டதற்கு, கோணிய வாயால் ஏதோ குழறினார்.

"சீவன் கெடந்து துடிக்குது, இப்பவும் பரிகாசமா?" ரத்னபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை அவரைப் பார்க்கவேயில்லை.

டாக்டரம்மா ஜாக்கியின் கண்ணையும் காதையும் பார்த்தாள். "ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம், காதுக்குள்ள உள்ள கோளாறாவும் இருக்கலாம். வயசான நாய்க்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். இனி வாயில தண்ணி ஊத்தாதீங்க. உடனே கொண்டு வந்ததுதான் பெரிய காரியம். பிழைச்சுக்கிடும்."

ரத்னபாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினாள். "கேட்டீங்களா? நாய்க்கு ஸ்ட்ரோக் வராதுன்னு சொன்ன வாய இப்பம் திறங்க பாப்போம்!"

எலியா பெஞ்சில் ஒருபக்கமாகச் சாய்ந்து, வாய் கோணியபடி அவளையே பார்த்தார்.

"டாக்டருக்க முன்னாலயும் நடிப்பா? நேரா இரிங்க மனுசா!"

ஜாக்கியைப் பிடித்திருந்த உதவியாள் ரெஜிலா அவரை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நாய நாங்க பாத்துக்கிடுதோம். அந்த ஆட்டோவ விடாம, மாமாவப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்க. அவரு நடிக்கல்ல."