காட்போட் அம்மன்

முட்டைக்கோவாத் தோட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். ஜப்பானில், தை மாதக் குளிரில், முதுகில் ஒரு பையோடு. பயிற்சிக்கு என்று கையெழுத்து வைத்துப் போனவன் நான். ஒன்றரை வருடமாகப் பயின்றது கோவா வெட்டுவது மட்டும்தான். (கிளிநொச்சி உருத்திரபுரத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதும் என்று நினைத்திருப்பார்கள்.) முதலாளிக்கு அடிக்கக் கை நீளும், கையில் இருக்கும் பொருளும் நீளம். அதனால்தான் ஓடினேன். ஓடியதும் விசா செத்துவிடும். இனி ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தால்தான் பிழைப்பு.

எனக்கு முதலே ஓடிப்போன ஸ்கந்தபுரத்து வசி போனில் சொன்னான்.

"மச்சான், ஸ்டேசனுக்குப் பக்கத்திலை ஒரு பழைய கோயில் இருக்கு. வீடு இடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிற மனுசனை மூண்டு மணிக்கு அங்கை கூட்டிக்கொண்டு வாறன். ஆரின்ரை கண்ணிலையும் பட்டிடாதை."

"ஓமடா, நான் என்ன குழந்தைப்பிள்ளையே?"

இரண்டு மணிக்கே போய்விட்டேன். கோயில் நிறைய இளசுகள். நீல மயிர், ஊதா மயிர், முதுகில் வாள். நேர்த்திக்கடனுக்குக் காவடியும் முதுகில் கொக்கி குத்தும் செடிலும் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நடுவில் ஆளுயரத்தில் ஒரு அம்மன். பெரிய கண், கையில் மணி, பின்னால் நரிவால். காலடியில் பூவும் இனிப்பும். எலியிலும் மயிலிலும் சாமி ஏறிவரும் ஊரில் பிறந்தவனுக்கு வால் ஒரு புதினமா?

சும்மா நிற்காமல் கும்பிடுவோம் என்று நினைத்தேன். வாசல் தொட்டியில் தண்ணீர் மொண்டு கால் கழுவினேன். ஒரு வயதான மனுசி வாயைப் பொத்திக்கொண்டா. (அந்தத் தண்ணீர் கைக்கும் வாய்க்குமாம்.) எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் மேல்சட்டையோடு கோயிலுக்குள் போவதில்லை. ஜக்கெற், சுவெற்றர், பெனியன் மூன்றையும் கழற்றி இடுப்பில் கட்டினேன். பல் கிடுகிடுக்க, அம்மனுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"தாயே, இந்த வேலை கிடைக்கவேணும். என்னை ஒருத்தரும் காணக்கூடாது!"

எழும்பிப் பார்த்தால் என்னைச் சுற்றி வட்டமாகப் போன்கள். கைதட்டுகிறார்கள். நீல மயிர்ப் பெடியன் ஒருவன் கண்ணீரோடு என் பக்கத்தில் விழுந்து கும்பிடுகிறான். வட்டத்துக்கு வெளியே வசியும், வேலைக்காரர் தேடி வந்த மனுசனும். அந்த மனுசன் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"என்னவாமடா?"

"'ஒளிச்சிருக்கிற ஆள் கேட்டன், நீ நடிகனைக் கொண்டந்திருக்கிறாய்' எண்டுறார். அட மாடே, அது சாமியில்லையடா! காட்போட் மட்டை! டீவிக் காட்டூனிலை வாற பெட்டை. இண்டைக்கு அவளுக்குப் பிறந்தநாளாம், இதுகள் எல்லாம் அவளின்ரை ரசிகராம்."

"பின்னை ஏன் கோயிலுக்கை வைச்சிருக்கினம்?"

"காட்டூனிலை அவள் இந்தக் கோயிலிலை வேலை செய்யிறவளாம்."

மட்டைக்கு வேலை இருந்தது. எனக்கு இல்லை.

பொழுதுபடுவதற்குள் அந்த வீடியோ கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா போன் எடுத்தா. "டேய், ஆரடா அந்தப் பிள்ளை? உடுப்பில்லாமல் அவளின்ரை காலிலை விழுந்து கிடக்கிறாய்? எங்களுக்குச் சொல்லாமல் கலியாணமே?" பின்னால் அம்மா சிரித்துச் சிரித்து இருமுவது கேட்டது. இன்றைக்கும், ஊர் திரும்பி, தலை நரைத்து, தனிக்கட்டையாக நான் சாப்பிட உட்கார்ந்தால் அக்கா கேட்பா: "மச்சாள் சாப்பிட்டாவோ?" அந்த வீடியோவில் என் தோளிலிருந்து இடுப்புவரை மண்வெட்டிப் பிடியின் தழும்பு கறுப்பாகத் தெரியும். ஊர் முழுக்கப் பார்த்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை வசி வேறொரு வேலை பிடித்துத் தந்தான். தனியாகச் செத்து, கனநாளாக ஒருவரும் தேடாமல் கிடந்த ஆட்களின் வீடுகளைத் துப்பரவாக்குவது. நெற்றியிலிருந்து நாடிவரை மூடுகிற முகமூடி ஒன்றை நீட்டினான்.

"வேலை முடியும்வரை இதைக் கழட்டக்கூடாதாம், மச்சான்."

சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டேன்.