துரையின் கடைவாய்ப்பல்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். போன இடத்தில் நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களிடம் விட்டுப்போன உங்கள் நாய் துரையும் சுகம்தான், ஒரு பல் நீங்கலாக.

பதற வேண்டாம். அந்தக் கடைவாய்ப்பல்லில் இருந்தது பழைய விரிசல். உங்கள் வீட்டிலிருந்தே வந்தது. நாற்பது வருடம் பல்செட் செய்து பிழைத்தவன் சொல்கிறேன். "கெட்டியா எதையும் கடிக்கக் கொடுத்துடாதீங்க மாமா" என்று நீங்கள் நாலு தடவை சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பக்கமாகவே மென்றான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து, நடுவில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தது. டாக்டர் எதற்கு, நானே ஓர் உறை செய்து மாட்டலாம் என்று பரணிலிருந்து தொழில் பெட்டியை இறக்கினேன். அச்செடுக்கும் மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, "ஆ காட்டுடா ராஜா" என்றேன். காட்டினான். என்னிடம் பல் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் மூன்று நிமிடம் வாயைத் திறந்தபடி அசையாமல் இருப்பார்கள். இவன் மாவை அப்படியே விழுங்கிவிட்டு, இன்னும் உண்டா என்று கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். அத்தை ஓடி வந்து, "பல்லைப் பார்க்கப் போயி இப்ப வயித்தையும் பார்க்கணும்! கிளம்புங்க முதல்ல!" என்று சத்தம் போட, நாய் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "மாவு வெளியே போயிடும், பயமில்ல. பல்லுதான் வேர் வரைக்கும் பிளந்திருக்கு. எடுத்துடறதுதான் நல்லது."

"ஒரு உறை போட்டா?"

"நீங்க யாரு சார்?"

"பல்செட் செய்யறவன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே. வெளிய உட்காருங்க."

படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் அவசரத்தில் 'மாமனார்' என்று எழுதிவிட்டேன். பல்லை எடுத்து முடித்து, மயக்கம் தெளியாமல் நாக்கு தொங்க அவனைத் தூக்கி வந்தபோது அழுதேவிட்டேன். மறைப்பானேன். இப்போது கூழாகக் கரைத்ததை மட்டும் குடித்துக்கொண்டு வாலை ஆட்டுகிறான்.

அடுத்த பயணத்தின்போது அவனை நாய் விடுதியில் விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். விரிசல் பழசு, என் பராமரிப்பில் குறையில்லை. இங்கேயே விடுங்கள். அவன் இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்காது.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, முப்பத்திரண்டு பல்லும் உறுதியாக வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பி.கு.: கடித உறையை ஒட்டும் முன், டாக்டரம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்த பல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பழைய விரிசல் என்றால் உள்ளே கறை ஏறியிருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. புது உடைப்பு. திங்கட்கிழமை நான் கொடுத்த ஆட்டெலும்பில் உடைந்தது. "இந்தப் பல்லுக்கு இதெல்லாம் பஞ்சு" என்று அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டே கொடுத்தேன். உங்களிடம் பொய் சொல்ல முடிந்தது, கையில் பல்லை வைத்துக்கொண்டு முடியவில்லை. துரையை எங்கே விடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மகளுக்கு மட்டும் பி.கு.வுக்கு முன்பு வரைக்கும் படித்துக் காட்டினால் போதும்.