இரும்புக் கரண்டியின் வாரிசு

வெங்காயக் கிடங்கு வேலை முதுகுக்கு ஒத்துவராததால், துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரங்கூனில் லத்தாவிலிருந்து அலோன் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. அன்று மாலை நான் சந்தித்த திவானைப் போல, ஆள ஒரு சாண் மண் இல்லாமலேயே ராஜநீதி காத்தவர் ரங்கூன் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

திவானுக்குத் தொழில் படகுத்துறையில் சாக்கு தைப்பது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஏதோ ஒரு சிற்றரண்மனையில் குடை பிடித்தவராம்; அதனால் எல்லாரும் அவரைத் திவான் என்றே கூப்பிட்டார்கள். கூலியாட்கள் தங்கும் கொட்டகையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஜன்னலோரத்தில் படுத்தவன் ஊருக்குப் புறப்பட்டால், சிம்மாசனம் ஒரு நொடிகூடக் காலியாக இருக்கக் கூடாதென்று, அவன் எழுவதற்குள் அடுத்தவனை அதில் படுக்க வைத்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே பாயில் கிடந்து திட்டிக்கொள்வார்கள்.

சோறு தேடி நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கொட்டகையே பட்டினி. கால் வீங்கிய சமையல்காரர் அன்று காலைதான் ஊருக்குக் கப்பலேறியிருந்தார். அவருடைய மகன் ஆறுமுகம் அடுப்பங்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"அப்பன் கரண்டி மவனுக்கில்லாம யாருக்குவே?"

"மருமக்கள் வழிடே, மாமனுக்கப்புறம் மருமவன்தான். பட்டம் ஒங்க அத்தை மவனுக்கு. அவன் அடுத்த கப்பல்ல வாறான்" என்றார் திவான்.

"அதுவரைக்கும் நான் பொங்குதேன். எனக்குத்தான் சமையல் தெரியும்."

"பட்டத்துக்கு ஆசைப்படுதவன் கையிலயா ராஜ்யத்தைக் குடுப்பாவ? வாரிசு வந்து எறங்கும்போது நீ கரண்டிய விடுவியா?"

"சட்டத்தையா திங்கது? வயிறு காயுதுய்யா!" என்றது ஒரு குரல். திவான் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஊர் எதுவே?"

"ஒரு ஊர்னு இல்லீங்க."

"இங்க சொந்தக்காரங்க?"

"யாரும் இல்ல."

"சமையல் தெரியுமா?"

"வெந்நீர் வைப்பேன்."

"ரொம்ப நல்லது! தெரிஞ்சிருந்தா ஆசை வந்துரும். வாரிசு வார வரைக்கும் இவருதான் காவல் ராஜா."

ஆறுமுகம் தலையில் அடித்துக்கொண்டான். காவல் ராஜாவுக்கான விதிகளைத் திவான் அங்கேயே அறிவித்தார். சமையல்காரரின் முக்காலியில் நான் உட்காரக் கூடாது. இரும்புக் கரண்டி முக்காலியின் மேல் இருக்கும். அதைக் கும்பிட்டுவிட்டு நான் கொட்டாங்கச்சி அகப்பையால் கிண்ட வேண்டும். ஆறுமுகம் பின்னால் நின்று யோசனை சொல்லலாம்; பானையில் கை வைக்கக் கூடாது. அன்றிரவு எல்லாரும் அவலை நனைத்துத் தின்றோம்.

மறுநாள் காலை அடுப்பு மூட்டினேன். "உப்புய்யா, உப்பு! கிண்டும்!" என்று காதருகே ஆறுமுகம் துடித்தான். அப்படியும் சோறு அடிப்பிடித்தது. வரிசையில் யாரும் அசையவில்லை.

திவான்தான் முதலில் வந்து தட்டை நீட்டினார். கரிந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக மென்று விழுங்கினார்.

"ராஜ்யம் நல்லா நடக்குவே" என்று உரக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பைக்குத் தட்டை நீட்டினார். மற்றவர்களும் நகர்ந்து வந்தார்கள்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். நான் சமைத்ததை இரண்டாவது தடவை கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.