வரப்போகிற மருந்தும் ஞானதாசனின் மட்டி வாழையும்

உலகத்தில் 'வரப்போகிறது' ஆசாமி என்று ஒரு ரகம் உண்டு. கூரை ஒழுகுகிறது, ஓட்டை மாற்றுங்கள் என்றால் ஒழுகாத ஓடு வரப்போகிறது என்பார். சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னால் பல் தானே முளைக்கிற ஊசி வரப்போகிறது என்பார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்.

திங்கள்சந்தைப் பக்கத்து ஞானதாசன் இந்த ரகத்தில் முதல் தரம். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். இரண்டாயிரத்துப் பதினேழில் ஒருநாள் சலூனில் காத்திருந்தபோது பத்திரிகையில் அரைப் பக்கம் படித்தார். ஆர்.என்.ஏ. என்ற ஒன்றை நீரில் கலந்து இலைமேல் தெளித்தால், அது செடிக்குள் போய், நோயை வளர்க்கிற மரபணுவை அடக்கிவிடுமாம். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஏனென்றால் அவர் வீட்டுப் பின்புறத்து மட்டி வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து, இலைகள் உச்சியில் குறுகி நெருக்கியடித்து நின்றன. மூட்டோடு, அடிக்கிழங்கும் மிஞ்சாமல், தோண்டி அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வேளாண்மை அதிகாரி சொல்லியிருந்தார். தோண்டுவதாவது! மருந்துதான் வரப்போகிறதே?

வேலிக்கு அடுத்த விளை, அந்த வாழைத் தோட்டம், தங்கபாயுடையது. அவளுக்கு அந்த வருடத்துக் கஞ்சியே மட்டிக் குலைகளில்தான். அவளுடைய வாழையிலும் ஓரமாக இரண்டு மூடு வாழைக்கு இலை குறுகியது. மண்வெட்டியோடு வந்தவளை ஞானதாசன் வேலியோரம் நிறுத்தினார்.

"வெட்டாண்டாம் பிள்ளே. மருந்து வரப்போவுது, கேட்டியா."

"எங்க வந்திருக்கு அண்ணே?"

"வெளிநாட்டுல சோதனை நடக்கு. எலைக்குள்ள கடத்துகதுதான் பாடு. வெயிலுல கெட்டுப்போவும், மழையில கழுவிப்போவும். அதுக்குக் களிமண்ணுல ஏத்தி அடிக்கானுவ."

"வடசேரிச் சந்தைக் கடையில எப்பம் கிடைக்கும்?"

"வரும்."

படித்த மனுஷன் சொல்கிறாரே என்று அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். ஓணம் வருவதற்குள் ஓர வரிசை முழுவதும் போயிற்று. பார்க்க வந்த அதிகாரி, வேலிக்கு அப்பால் ஞானதாசனின் வாழையைக் காட்டி, நோயைச் சுமக்கிற பூச்சி அங்கிருந்துதான் வருகிறது என்றார்.

தங்கபாய் தன் வரிசையைத் தோண்டினாள். பிறகு வேலியைத் தாண்டிப்போய், கேட்காமலே, அவருடையதையும் மூட்டோடு தோண்டிப் போட்டாள். ஞானதாசன் ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தங்கபாயி."

"நான் பொறுத்தேன் அண்ணே. ஒமக்க வாழையில இருந்த பூச்சி பொறுக்கலியே."

தங்கபாயின் மிச்ச வாழை தப்பியது. ஞானதாசன் இப்போதும் பத்திரிகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாசகரே, உங்கள் வீட்டில் இன்னும் நல்லதாக ஒன்று வரட்டும் என்று தள்ளிப்போட்ட வேலை ஏதாவது உண்டா? சாவகாசமாக யோசித்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், நீங்களும் 'வரப்போகிறது' ஆசாமிதான்.