முதலாளி தங்கதுரை மீது ஓட்டுநர் தங்கதுரை கொடுத்த புகார்

கொழிஞ்சாம்பாறை தங்கதுரை ஒரு முதலாளி. இதில் யாருக்கும் ஐயம் இல்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு லாரி உண்டு. அதன் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. மாதாமாதம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தவணை கட்டுகிற உரிமையும் அவர் ஒருவருக்கே உரியது. போன வருடம் பாலக்காட்டில் நடந்த தொழில்முனைவோர் மாநாடு ஒன்றில், கோட்டு போட்ட ஒருவர் 'உங்களுக்கு நீங்களே முதலாளி' என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதற்கொரு சான்றிதழும் கொடுத்திருந்தார்.

ஆறு வருடமாக அந்த லாரியை ஓட்டுகிறவரும் தங்கதுரைதான். சுற்று வட்டாரத் தோப்புகளில் வெட்டுகிற இளநீரை எறணாகுளம் கொண்டுபோவது தொழில். வாடகை பேசுவதில் ஆள் கறார். டீசல் இவ்வளவு, சுங்கம் இவ்வளவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டயர் தேய்மானம், வழியில் கை நீட்டுகிறவர்களுக்கு இவ்வளவு என்று வரிசையாக அடுக்குவார். டிரைவர் படியை மட்டும் சேர்க்க மாட்டார். டிரைவர் வீட்டு ஆள்தானே. அதனால் நடைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் குறையும். லோடு இவருக்கே வரும். சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிற எல்லோரும் அந்தப் பக்கத்தில் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். போட்டித் திறன் என்று மாநாட்டில் சொன்னது இதைத்தான்.

இந்தத் திறனின் பயனாக மூன்று தவணை நின்றுபோயிற்று. இருபதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று பைனான்ஸ்காரர்கள் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார்கள். வண்டி போனால் தங்கதுரைக்கு வேறு பிழைப்பு தெரியாது. மூத்த மகள் தமிழ்ப்ரியாவுக்குக் கல்லூரிக் கட்டணம் வேறு நின்றது.

அந்த வேளையில்தான் சாலைச் சரக்கு உழைப்போர் மேம்பாட்டு ஆணைக்குழு, ஒற்றை லாரி உரிமையாளர்களுக்கு அறுபதாயிரம் ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தது. தங்கதுரை மறுநாளே பாலக்காட்டு அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் எழுதினார். பதினான்காவது கேள்வி, ஓட்டுநர் பெயர். தன் பெயரை எழுதினார். பதினைந்தாவது கேள்வி, ஓட்டுநருக்கு வழங்கும் மாத ஊதியம். 'இல்லை' என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அந்த ஒரு சொல்தான்.

குமாஸ்தா சிஜு அதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்தார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே அதிகாரி ஹரிநாராயணனிடம் போனார். ஹரிநாராயணன் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், நேர்மையானவர், தொழிலாளி என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்குகிறவர். தங்கதுரையை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"டிரைவருக்குச் சம்பளமே குடுக்கறதில்லைன்னு நீங்களே எழுதியிருக்கேளே?"

"டிரைவர் நாந்தானுங்க சார்."

"அது யாரா வேணா இருக்கட்டும். ஒருத்தன் ஆறு வருஷமா சம்பளம் இல்லாம வண்டி ஓட்டிண்டிருக்கான். கேட்டுண்டு சும்மா இருக்க முடியுமோ?"

"அப்ப ஒரு தொகை போட்டுடறனுங்க சார்."

"பொய் எழுதினா கேஸ் ஆயிடும்."

சம்பளம் தராத முதலாளிக்கு நிவாரணம் தர விதியில் இடமில்லை. ஆனால் ஹரிநாராயணன் இரக்கமுள்ளவர், ஒரு வழியும் சொன்னார். பாதிக்கப்பட்ட ஓட்டுநர் ஒரு புகார் கொடுக்க வேண்டும். இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசி முடித்தால், முதலாளி மீதுள்ள களங்கம் நீங்கும். நிவாரணமும் உடனே வரும். ஓட்டுநர் புகார் கொடுக்காவிட்டால் முதலாளி அவரை மிரட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். தங்கதுரைக்கு வேறு வழி தெரியவில்லை. சிஜு சொல்லச் சொல்ல, மேற்படி முதலாளி தன்னைப் பிழிந்து வேலை வாங்குவதாகவும், ஓய்வு தருவதில்லை என்றும், கேட்டால் 'வண்டி நம்முது' என்று வாயை அடைப்பதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் இரண்டு பதிவுத் தபால்கள் வந்தன. ஒன்று முதலாளிக்கு, மற்றது ஓட்டுநருக்கு. தபால்காரர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார். தங்கதுரையின் மனைவி பிரதீபா இரண்டையும் படித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, முதலாளிக்கும் டிரைவருக்கும் தனித்தனியா எல போடோணுங்களா, ஒரே எலயில உக்காந்துக்குவீங்களா?" என்றாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

விசாரணை நாளில் இடப்பக்கம் ஒரு நாற்காலியும் வலப்பக்கம் ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். முதலாளி தரப்பு வந்துவிட்டதா என்று சிஜு கூப்பிட்டார். தங்கதுரை இடப்பக்கம் உட்கார்ந்து, வந்திருக்கிறேன் என்றார். ஓட்டுநர் தரப்பு என்று கூப்பிட்டபோது எழுந்து வலப்பக்கம் போனார். இரு தரப்பும் ஒரே பேருந்தில் வந்திருப்பது சமரசத்துக்கு நல்ல அறிகுறி என்று ஹரிநாராயணன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

ஓட்டுநரை முதலில் விசாரித்தார்கள். வார விடுமுறை உண்டா? இல்லை. ஓணத்துக்குப் போனஸ்? இல்லை. காய்ச்சல் வந்தால்? மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியதுதான். கேள்விகள் சாதாரணமானவைதாம். ஆனால் ஆறு வருடத்தில் இவற்றை யாரும் தங்கதுரையிடம் கேட்டதில்லை, தங்கதுரையும் கேட்டுக்கொண்டதில்லை. நாலாவது கேள்விக்குள் அவர் குரல் மாறிவிட்டது.

"வருசத்துக்கு ஒரு வேட்டி கூட எடுத்துக் குடுத்ததில்லீங்க சார். முதுகு வலிக்குதுன்னா, இந்த நட போயிட்டு வா, அப்பறம் பாக்கலாம்பானுங்க. மனுசனே இல்லீங்க அவன்."

அறையில் எல்லோருக்கும் வருத்தமாகிவிட்டது. சிஜு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, தங்கதுரை இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அங்கே அவருக்குத் தண்ணீர் தரவில்லை.

"இதுக்கு என்ன சொல்றேள்?" என்றார் ஹரிநாராயணன்.

"வாஸ்தவந்தானுங்க. ஆனா மிச்சம் நின்னாத்தானுங்களே நான் குடுக்கறதுக்கு?"

"எல்லா முதலாளியும் இதையேதான் சொல்றா."

குற்றத்தை முதலாளியே ஒப்புக்கொண்டதால் வழக்கு சிக்கலின்றி முடிந்தது. ஆறு ஆண்டுச் சம்பள பாக்கி பதின்மூன்று லட்சம் என்று தீர்ப்பானது. முதலாளியால் கட்ட முடியாததால், ஓட்டுநரின் நலனை முன்னிட்டு லாரி பதினெட்டாம் தேதி ஜப்தி செய்யப்பட்டது. இரண்டு நாள் முந்திவிட்டார்களே என்று பைனான்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். முதலாளியிடம் இப்போது லாரி இல்லை என்பதால் லாரி உரிமையாளர் நிவாரணம் தள்ளுபடியானது.

ஏலத்தில் வண்டி நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போனது. விதிப்படி முதலில் பைனான்ஸ் பாக்கி. பிறகு விசாரணைக் கட்டணம், இரண்டு நாற்காலி வாடகை, ஏல விளம்பரச் செலவு, டயர் கடை பாக்கி. கடைசியில் உழைத்தவருக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் மிஞ்சியது. அதை ஒரு விழா வைத்துக் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். முதலாளிக்கும் அழைப்பு அனுப்பியும் அவர் மேடைக்கு வராதது அவருடைய மனப்பான்மையைக் காட்டுகிறது என்று ஹரிநாராயணன் பேசினார்.

லாரியை ஏலத்தில் எடுத்தவர் பாண்டீஸ்வரன். வண்டிப்பெரியாரிலிருந்து வந்து கொழிஞ்சாம்பாறையில் லோடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர். வண்டி ஓட்டத் தெரியாதவர். ஆகவே தங்கதுரையையே டிரைவராக வைத்து, சட்டத்துக்குப் பயந்து நடைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தார். அந்த ஒரு மாதம் தங்கதுரை நன்றாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார். தமிழ்ப்ரியாவின் கட்டணத்தில் பாதியைக் கட்டினார். வண்டி போன நாளிலிருந்து பேச்சைக் குறைத்திருந்த பிரதீபா அவரிடம் பழையபடி பேச ஆரம்பித்தாள்.

வண்டியில் ஏறுவது நாலாயிரம் இளநீர். டிரைவர் கூலியைச் சேர்த்தால் காய்க்கு முப்பது காசு ஏறும். எறணாகுளத்துக் கடைகளில் அதைக் காய்க்கு ஐந்து ரூபாயாக ஏற்றினார்கள், டிரைவர்களுக்குச் சம்பளம் ஏறிவிட்டது என்று காரணமும் சொன்னார்கள். தொழிலாளர் நலக் கருத்தரங்குக்கு எறணாகுளம் வந்திருந்த ஹரிநாராயணன் கடைக்காரரிடம் இது பகல் கொள்ளை என்று சண்டை பிடித்துவிட்டு, குடிக்காமல் போனார். நாமும் சும்மா இல்லை, ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிற கடையைத் தேடி அடுத்த முக்குக்கு நடந்தோம். அங்கே இருந்த காய், தன் வண்டியைத் தானே ஓட்டுகிற ஒரு முதலாளி கொண்டுவந்தது. பாண்டீஸ்வரனுக்கு லோடு நின்றுபோனது.

அவர் தங்கதுரை வீட்டுக்கே வந்தார்.

"அண்ணே, உங்களுக்குச் சம்பளம் குடுத்து எனக்குக் கட்டுபடியாகல. வண்டிய நீங்களே எடுத்துக்கோங்க. மாசம் பத்தொம்பதாயிரம் குடுத்தாப் போதும். நீங்க முதலாளியா இருந்தாத்தான்ணே செலவு கம்மி."

தங்கதுரை பிரதீபாவைப் பார்த்தார். மகளுக்கு மீதிக் கட்டணம் அடுத்த மாதம் கட்ட வேண்டும், கொழிஞ்சாம்பாறையில் சம்பளம் கொடுத்து டிரைவர் வைக்கிற வண்டி வேறு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே பாண்டீஸ்வரன் எறணாகுளத்துக்கு ஒரு லோடு பிடித்திருந்தார். தங்கதுரை வாடகை சொன்னார். டீசல், சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தவணை, எல்லாம் சொல்லி நிறுத்தினார். பாண்டீஸ்வரன் இந்த ஒரு மாதத்தில் பட்டவர், எதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது என்று நினைத்தார்.

"டிரைவர் படி எவ்வளவுண்ணே?"

"அது வேண்டாங்க," என்றார் முதலாளி தங்கதுரை. "அவங்கிட்ட நாஞ் சொல்லிக்கறனுங்க. ஒண்ணும் கேக்க மாட்டான்."