அன்புள்ள திரு. லோயிஸ்

“அன்புள்ள லோயிஸ், உங்கள் குட்டிப் பாப்பாவுக்கு டயப்பர். இரண்டு பாக்கெட் வாங்கினால் ஒன்று இலவசம்.”

ஏனோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவர் மனைவி லோயிஸ் இறந்தபோது வயது அறுபத்து மூன்று. இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அவளுடைய போனுக்கு அவர் இன்னும் ரீசார்ஜ் செய்துவருவதே இந்தச் செய்திகளுக்காகத்தான். சர்ச்சில்கூட அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். மாரெட்பள்ளி சூப்பர்மார்க்கெட் நிறுத்தவில்லை. வெள்ளிதோறும் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் வழக்கமாக வாங்கும் ராகி மாவுக்கும் மருதாணிப் பொடிக்கும் தள்ளுபடி அறிவிக்கும். அவர் அதைச் சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கப் படிப்பார்.

அந்தக் கடைக்குள் மட்டும் அவரால் போக முடியவில்லை. தெருமுனைக் கடையிலேயே காலம் தள்ளினார்.

ஆனால் இரண்டு மாதமாகக் கடைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முதலில் பூனைத் தீனி. அப்புறம் தாடி எண்ணெய். இப்போது டயப்பர்.

மகள் பிளெசிக்குப் போன் செய்தார்.

“நாம வாங்குறத வெச்சு கம்ப்யூட்டரே அனுப்புது டாடி. மம்மி நம்பரை கட் பண்ணிடுங்க.”

“நக்கோம்மா, வேண்டாம்.”

ஒன்றும் வாங்காததால்தான் கம்ப்யூட்டர் கண்டபடி ஊகிக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஞாபகப்படுத்தினால் போதும். அவள் போனிலிருந்தே ராகி மாவு மூன்று கிலோவும் மருதாணிப் பொடி ஆறு பாக்கெட்டும் ஆர்டர் செய்தார்.

அடுத்த வெள்ளி: “அன்புள்ள லோயிஸ், பாப்பாவுக்கு முதல் ராகிக் கஞ்சியா? கூடவே, தாடிக்கு மருதாணி பூசும் உங்களுக்கு ஒரு சீப்பு இலவசம்.”

அன்று அவர் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை.

புகார் எண்ணைக் கூப்பிட்டார். அவள் போன் எண்ணில் உள்ள தள்ளுபடி கார்டுக்கு உரியவர்தான் பேச வேண்டும் என்றார்கள். வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி கூப்பிட்டுக் குரலை மெலிதாக்கிக்கொண்டார்.

“நான்தான் லோயிஸ் பேசறேன்.”

“பிறந்த தேதி?”

தடுமாறாமல் சொன்னார்.

“குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“சளி.”

“சரி சார், திருத்திடறோம்.”

மாலையில் செய்தி வந்தது. “அன்புள்ள திரு. லோயிஸ்.”

அதற்கு மேல் அவரால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தக் கடைக்குள் நுழைந்தார். பில் போடும் இடத்தில் சுஷ்மா இருந்தாள். தெலுங்குப் பெண். பில் போடும்போதே லோயிஸிடம் நாலு வருடமாகத் தமிழ் கற்றுக்கொண்டவள்.

முன்னால் நின்ற செந்தாடிக்காரர், “கார்டு லேது” என்று இல்லாத கார்டுக்குக் கையை விரித்தார். சுஷ்மா நிமிராமல் பத்து எண்களைத் தட்டினாள்.

ஏனோக் போனை நீட்டினார். “அவ பேர்ல தாடியும் மீசையுமா அனுப்புறீங்களேம்மா. இதுக்குப் பேரையே எடுத்துடுங்க.”

சுஷ்மா படித்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆறு மாசம் பில் இல்லன்னா சிஸ்டமே ஆன்ட்டி பேரை எடுத்துடும் அங்கிள். அதான் கார்டு இல்லாம யாரு வந்தாலும் நான் ஆன்ட்டி நம்பரை அடிக்கிறேன்.”