கண்ணை மூடிக் கேட்ட கரண்ட்

கரண்டில் அழுக்கு இருக்கிறதாம். உங்களுக்குத் தெரியுமா? எங்கள் அடுக்குமாடியில் போன மாதம் வரை ஒருவருக்கும் தெரியாது. பிறகு மின்தூய மாமணி வந்தார். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்த பிரஸ்காரர் கொடுத்திருப்பார்.

"நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் எங்கெல்லாம் சுத்திட்டு வருது தெரியுமா சார்? பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்ல புரண்டு, லிஃப்ட்ல ஏறி இறங்கி வருது. அதைக் குளிப்பாட்டாம அப்படியே ஸ்பீக்கருக்குள்ள விடலாமா?"

"ஐயையோ, கூடாது!" என்று பாட்டுக் கேட்கக் கூடியிருந்த ஹால் முழுவதும் பதறியது.

கூட்டம் என்றதும் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பல் டாக்டர் இருந்தார். ரசாயனப் பேராசிரியர் இருந்தார். கூட்டம் நடந்த வீட்டுக்காரரே ஒரு ஆடிட்டர். வாரம் முழுக்க அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையானால் தன் மூளையைக் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது.

அவருடைய அப்பாவுக்குக் காது மிகவும் மந்தம். காதுக்கருவிக்கென்று எடுத்து வைத்த பணம்தான் அன்று மாமணியின் தூய்மைப் பெட்டிக்குப் போவதாக இருந்தது. பெட்டி என்றால் என்ன? கருங்கல் மாதிரி கனம், முன்னால் ஒரு பட்டன், ஒரு நீல விளக்கு, பின்னால் பிளக் சொருக ஓட்டைகள்.

"ஏங்க, பேத்தி வந்து பேசினா மாமா என்னன்னு தெரியாமலே தலையை ஆட்டுறார். பாக்கவே வயிறு எரியுது. உங்களுக்குக் கரண்டைக் குளிப்பாட்டணுமா?" என்று கேட்டார் ஆடிட்டரின் மனைவி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

"அப்பாவுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உனக்கு ரசனையே கிடையாது."

மாமணி ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பெட்டியில் சொருகி, ரிமோட்டை வாங்கிப் பாட்டைப் போட்டார். ஆம்ப்ளிஃபயருக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றுகொண்டார். இடது கை பணிவாக முதுகுக்குப் பின்னால் போனது.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. கண்ணு திறந்திருந்தா காது சோம்பேறி ஆயிடும். இப்போ பட்டனை அழுத்துறேன்."

பாட்டு பொங்கியது!

"ஆகா, திரை விலகின மாதிரி இருக்கு!" என்றார் பல் டாக்டர்.

"பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குதே!" என்றார் பேராசிரியர்.

"டேய், அந்தக் குமிழ் தானா சுத்துதுடா! பேய் கீய் புகுந்திருச்சா?"

இது ஓரத்து நாற்காலியில் இருந்த ஆடிட்டரின் அப்பா. கண்ணை மூடச் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அவரும் ஆகா என்றிருப்பார். அவர் காட்டியது ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழை. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் தானாகவே திரும்பும் குமிழ் அது.

தலைமையாசிரியை எழுந்தார். பரீட்சை ஹாலில் நின்று பழகிய கண் அல்லவா?

"கையை முன்னால நீட்டுங்க சார். ரெண்டு கையும்."

ரிமோட் வெளியே வந்தது. "பாட்டு மாத்தலாம்னு வச்சிருந்தேன்," என்று அசடு வழிந்தார் மாமணி. அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா பட்டனை அழுத்தினார். பாட்டு அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினார். அப்படியேதான்.

"சந்தேகப்படுறவங்க முன்னாடி சுத்தமான கரண்ட் கூச்சப்படும் மேடம்!"

"அப்படியா? சரி, எல்லாரும் மறுபடி கண்ணை மூடிக்குங்க. பிளக்கை நல்லா அழுத்திச் சொருகுறேன்."

மூடினார்கள் ஐயா, மூடினார்கள்! இவ்வளவு பார்த்த பிறகும்! பாட்டு ஒரு நொடி நின்று, திரும்ப வந்தது. அந்த அம்மா மாமனாருக்குச் சைகை காட்ட, அவர் உற்சாகமாகக் குமிழைத் திருகினார்.

"இதுதான்! இதுதான் சுத்தம்!" பேராசிரியருக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

"கண்ணைத் திறங்க."

பிளக் இருந்தது, துணி தேய்க்கிற மேசைக்கடியில் கிடக்கும் பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். தூய்மைப் பெட்டி எதையும் குளிப்பாட்டாமல் நீல விளக்கோடு சும்மா உட்கார்ந்திருந்தது. ஆடிட்டரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அந்தக் கனத்தையும் தூக்கிக்கொண்டு மாமணி மாடிப்படியில் ஓடினாரே ஓட்டம், அவர் காட்டிய ஒரே நிஜமான அற்புதம் அதுதான்.

மறுநாளே ஆடிட்டர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்கருவி வாங்கினார். திரும்பும் வழியில் சாதாரண எலக்ட்ரிக் கடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எர்த் உண்டு, பிளக் ஆடாமல் நிற்கும், கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கும். வேறென்ன வேண்டும்?

கருவியை மாட்டிக்கொண்ட பெரியவர் முதலில் பேத்தி பேசுவதை ஆசை தீரக் கேட்டார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"ஏன்டா, அன்னைக்கு ஹால்ல எல்லாரும் ஏன் உக்காந்தபடியே தூங்கினீங்க?"

ஆடிட்டர் புது பாக்ஸில் பிளக்கைச் சொருகக் குனிந்துகொண்டார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன். எவனாவது உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், முதலில் அவனுடைய இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள்.